யாரும் சாகாத படம்

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீட்டில் கிடப்பவனைப் பார்க்க வருகிறவர்கள், மயிலாப்பூரில் இரண்டு பொருள்களுடன் வருகிறார்கள். ஒன்று ஆரஞ்சுப் பழம். மற்றொன்று சினிமாப் பெயர். பழத்தை மேஜையில் வைத்துவிட்டு, கட்டுப்போட்ட காலைப் பார்த்துத் தலையசைத்து, எனக்குப் பொழுது எப்படிப் போகும் என்று என்னைக் காட்டிலும் அதிகமாகக் கவலைப்பட்டு, உடனே ஒரு படத்தைச் சிபாரிசு செய்வார்கள். கல்லூரியில் வாழ்நாள் முழுவதும் வேதியியல் கற்பித்தவனுக்குப் படிப்பதற்கு ஏதாவது இருக்கக்கூடும் என்ற ஐயம் ஒருவருக்கும் எழவில்லை. முழங்காலில் உலோகத்தைப் பொருத்தும்போதே மூளையையும் கழற்றிவிட்டார்கள் என்பதுபோல ஒரு பொதுக் கருத்து நிலவியது.

சிபாரிசு வெறும் பெயரோடு முடிவதில்லை. அதனுடன் ஓர் உத்தரவாதமும் வரும். குரலைத் தாழ்த்தி, என் முகத்தை நேராகப் பார்க்காமல், "அதுல ஒருத்தரும் போகமாட்டா" என்பார்கள். போவதென்றால் இறந்துபோவது.

என் மனைவி இறந்து அப்போது ஓர் ஆண்டு நிறைவடையவில்லை. வருஷாப்திகம் ஆகாத வீட்டில் சாவைப் பற்றிப் பேசக்கூடாது என்று யாரும் சட்டம் இயற்றவில்லை. ஆயினும் எல்லோரும் அதைக் கடைப்பிடித்தார்கள். அதன் நீட்சியாக அவளைப் பற்றிய பேச்சும் நின்றுபோயிற்று. அவள் வாங்கிப்போட்ட நாற்காலியில் அமர்ந்து, அவள் தேர்ந்தெடுத்த டம்ளரில் காபி குடித்துக்கொண்டு, மழையைப் பற்றியும் மெட்ரோ ரயிலுக்குச் சாலையைத் தோண்டுவதைப் பற்றியும் பேசினார்கள். யாராவது ஒருவர் அவளைப் பற்றி ஏதாவது ஒன்று சொல்லமாட்டாரா என்று நான் காத்திருந்தேன். நானாகத் தொடங்கும் பழக்கம் எனக்கில்லை. தொடங்கிவிட்டால் எப்படி முடிப்பது என்பதும் தெரியவில்லை.

என்னைக் கவனித்துக்கொள்ளத் தி.நகரிலிருந்து என் தங்கை வந்து தங்கியிருந்தாள். மருந்து, பத்தியம், தொலைக்காட்சி மூன்றும் அவள் பொறுப்பு. வருகிறவர்கள் சொல்லும் எந்தப் படத்தையும் அவள் அப்படியே ஏற்பதில்லை. வெளியாகும் எல்லாப் படங்களையும் பார்த்துவிடும் சிநேகிதி ஒருத்தி அவளுக்கு உண்டு. சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, அந்த ஓசையின் மறைவில் அவளுடன் தொலைபேசியில் பேசுவாள். குழாயைக் காட்டிலும் தங்கையின் குரல் பெரியது என்பதால் தணிக்கை விதிகள் எனக்கு விரைவில் மனப்பாடமாகிவிட்டன. வில்லன் சாகலாம். வில்லனின் ஆட்கள் எத்தனை பேரானாலும் சாகலாம். கதாநாயகனின் தகப்பனார் முன்கதையில் செத்திருந்தால் பரிசீலிக்கலாம். மனைவி மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் சாகக்கூடாது. மாலை போட்ட படம் சுவரில் தொங்கக்கூடாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கக்கூடாது.

இந்த விதிகளுக்கு உட்பட்டுத் தமிழில் படம் தேடுவது எளிதன்று. தேறியவற்றிலும் இடையிடையே ஆபத்து இருந்தது. அப்போதெல்லாம் ரிமோட்டால் படத்தை ஓட்டிவிடுவாள். ஒரு படத்தில் கதாநாயகன் கல்யாணப் பாட்டு முடிந்த மறுகணமே தாடியுடனும் பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தையுடனும் நின்றுகொண்டிருந்தான். இடையில் நடந்ததை நான் பின்னோக்கி ஊகித்துக்கொண்டேன். அது எனக்குப் பழகிய வேலைதான். குடுவைக்குள் என்ன நிகழ்ந்தது என்பதை அடியில் தங்கியதைப் பார்த்துத்தானே சொல்கிறோம்.

நல்ல நகைச்சுவைப் படம் என்று சிநேகிதி சான்றளித்த ஒன்றில், பத்தாவது நிமிடத்திலேயே ஒரு பெரியவர் மாலை போட்ட படத்தின் முன்னால் நின்று, இன்றைக்கு ரசத்தில் உப்பில்லை என்று முறையிடத் தொடங்கினார். ரிமோட் சோபாவின் இடுக்கில் விழுந்திருந்தது. என் தங்கை எழுந்து, புடவைத் தலைப்பால் தொலைக்காட்சித் திரையைத் துடைக்க ஆரம்பித்தாள். அந்தக் காட்சி முடியும்வரை துடைத்தாள். ஒலியில் ஒருவர் தேம்பிக்கொண்டிருந்தார். ஒளியில் என் தங்கையின் முதுகு தெரிந்தது. "எவ்வளவு தூசி பாருங்கோ" என்றாள். பார்த்தேன் என்றேன். அவர் ரசத்தைப் பற்றி மேற்கொண்டு என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவலாக இருந்தது.

காலையில் முழங்காலை மடக்கிப் பயிற்சி தருவதற்குப் பட்டினப்பாக்கத்திலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வருவாள். அவளும் ஒரு படம் வைத்திருந்தாள். "பேய்ப் படம் ஒண்ணு கீது சார். அத பாத்துக்கினே மடக்குங்க, கால் எப்ப மடங்குச்சுன்னே தெரியாது" என்றாள். என் தங்கை உடனே மறுத்தாள். பேயென்றால் அது யாரோ செத்ததால் வந்ததுதானே என்பது அவள் வாதம். அந்தப் பெண் என் காலை விடாமலே பதில் சொன்னாள்: "அம்மா, அந்தப் பொண்ணு பேர் போடறதுக்கு முன்னாடியே செத்துட்சும்மா. படம் ஆரமிச்சப்புறம் ஒருத்தரும் சாவல." என் தங்கை சற்று நேரம் யோசித்தாள். விதி மீறப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டியிருந்தது. அனுமதி கிடைத்தது, காலும் அன்று நன்றாகவே மடங்கியது.

இவ்வாறு சில வாரங்கள் கழிந்தபின் ஒரு பிரதோஷம் வந்தது. மாலையில் கோயிலுக்குப் போகவேண்டும் என்று தங்கை விரும்பினாள். என்னைத் தனியாக விடக்கூடாது என்பதால் அடையாறிலிருந்து என் மைத்துனர் வரவழைக்கப்பட்டார். என் மனைவியின் தம்பி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவள் காலமான நாளிலிருந்து அவர் என்னிடம் வாரந்தோறும் தொலைபேசியில் பேசிவந்தார். ஒருமுறைகூட அக்கா என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. என் தங்கை அவரிடம் ரிமோட்டையும் ஒரு படத்தின் பெயரையும் ஒப்படைத்தாள். முழுக்கச் சோதித்தாகிவிட்டது, தைரியமாகப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நம் ஊரில் படங்கள் ஏராளம். பெயர்கள் அவ்வளவு இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு படத்துக்கு வைத்த பெயரைத் தூசி தட்டி இன்னொரு படத்துக்கு வைப்பார்கள். என் தங்கை சோதித்தது சென்ற ஆண்டு வந்த வண்ணப் படம். மைத்துனர் போட்டது அதே பெயருள்ள கறுப்பு வெள்ளைப் படம். நான் பிழையைத் திருத்தவில்லை. அவர் கவனித்தாரா என்பது தெரியவில்லை. முதல் பாட்டுக்கு விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்குச் சற்று முன்பு கதாநாயகி இருமினாள்.

தமிழ்ப் படத்தில் ஒரு பெண் இருமினால் அதன் பொருள் என்னவென்று குழந்தைக்கும் தெரியும். மைத்துனரின் விரல் நின்றது. அவர் ரிமோட்டை எடுத்து அவசரமாக எதையோ அழுத்தினார். ஒலி கூடிற்று. இருமல் வீடு முழுவதும் கேட்டது. வேறொன்றை அழுத்தினார், படம் முன்னோக்கிப் பாய்ந்து, கதாநாயகி கட்டிலில் கிடக்க, கணவன் அவள் கையைப் பற்றிக்கொண்டிருக்கும் இடத்தில் போய் நின்றது. மூன்றாவதை அழுத்தினார். காட்சி அப்படியே உறைந்தது. பாதி மூடிய கண்களுடன் அவள் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பின் எந்தப் பொத்தானுக்கும் அவள் அசையவில்லை.

"அத்திம்பேர், நான் வேணும்னு பண்ணலை" என்றார் மைத்துனர். வியர்த்திருந்தது. பிறகு, பேச்சை வேறு பக்கம் திருப்புவதாக எண்ணிக்கொண்டு சொன்னார்: "அக்காவும் இந்த எடத்துல எழுந்து வெளில போயிடுவா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

ஆராய்ச்சி மாணவர்களை வாய்மொழித் தேர்வில் பலமுறை கேள்வி கேட்டிருக்கிறேன். ஒருவன் மறைக்கும்போது அவசரப்படக்கூடாது. சின்னக் கேள்வியாகக் கேட்கவேண்டும்.

"போயிடுவான்னா, எத்தனை தடவை?"

"மூணு நாலு தடவை இருக்கும்."

"நான் அவளை இந்தப் படத்துக்கு அழைச்சுண்டு போனதில்லையே."

"நீங்க இல்லை. நான்தான்."

கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்தது. நாங்கள் மணமாகி மயிலாப்பூரில் குடியேறிய முதல் ஆண்டுகளில் தியேட்டர்களில் காலைக் காட்சியாகப் பழைய படங்கள் போடுவார்கள். மார்கழியில் சபாக்களில் காலையில் லெக்-டெம் நடக்கும். வித்வான்கள் பாடியும் பேசியும் சங்கீத நுணுக்கங்களை விளக்குவார்கள். என் மனைவி அதற்குப் போவதாகவும், கையோடு மதியக் கச்சேரியையும் கேட்டுவிட்டு வருவதாகவும் சொல்லிவிட்டுப் புறப்படுவாள். எனக்குச் சினிமா என்றால் சற்று இளக்காரம் என்பது அவளுக்குத் தெரியும். தம்பி தெருமுனையில் டிக்கெட்டுடன் நிற்பாராம்.

"லெக்-டெம்மாவது கேட்டாளா?"

"மொத வருஷம் கேட்டா" என்றார் மைத்துனர், நியாயமாக.

நான் நினைவுபடுத்திப் பார்த்தேன். மாலையில் நான் கல்லூரியிலிருந்து திரும்பியதும், அன்றைய கச்சேரி எப்படி என்று கேட்பது வழக்கம். அவள் தீர்மானமாகச் சொல்வாள். முன்பாதி இழுவை, இடைவேளைக்குப் பிறகு எழுந்து நின்றுவிட்டது என்பாள். அல்லது, எல்லாம் நன்றாக இருந்தது, கடைசியில் தேவையில்லாமல் அழவைத்துவிட்டார் என்பாள். இவ்வளவு சுருக்கமாக இசையை மதிப்பிடுகிறவர் அரிது என்று நான் வியந்திருக்கிறேன். ஆசிரியர் அறையில் அவற்றை என் கருத்துகளாகவும் சொல்லியிருக்கிறேன். சங்கீதம் தெரிந்த சக பேராசிரியர்கள் மரியாதையுடன் கேட்டுக்கொண்டார்கள். கச்சேரியில் இடைவேளை ஏது என்ற கேள்வி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆண்டு நிறையாத வீடு என்பதால் மைத்துனர் சேர்ந்து சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். முடிந்துபோன ஒருத்தியைப் பற்றி எனக்குத் தெரியவேண்டியதெல்லாம் தெரிந்தாகிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். இனி மறப்பதுதான் மிச்சம் என்றும் நினைத்திருந்தேன்.

"வெளில ஏன் போவா?" என்று கேட்டேன்.

அவர் திரையில் உறைந்திருந்த கணவனைப் பார்த்தார்.

"அவ சாகறது பரவாயில்லைம்பா. அதுக்கப்புறம் இவன் தனியா உக்காந்து அழறதைத்தான் பாக்க முடியலைன்னு போயிடுவா. கதவாண்ட நின்னுண்டு, 'முடிச்சுட்டானா?'ன்னு எட்டிப் பாத்துக் கேப்பா. எல்லாரும் திரும்பிப் பாப்பா. எனக்கு மானம் போயிடும்."

பிறகு நான் ரிமோட்டை வாங்கிச் சரியான பொத்தானை அழுத்தினேன். கதாநாயகி இறந்தாள். கணவன் அழத் தொடங்கினான். பழைய படம், அக்காலத்தில் அழுகையை அரைகுறையாக விடமாட்டார்கள்.

அவன் அழுதுகொண்டிருக்கும்போதே என் தங்கை விபூதிப் பொட்டலத்துடன் உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள், மைத்துனரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து நின்றுவிட்டார். அவள் புடவைத் தலைப்பைக் கையில் பிடித்தபடி திரையை நோக்கி நகர்ந்தாள்.

"இருக்கட்டும். உக்காரு" என்றேன். "இவன் உன் மன்னியை இந்தப் படத்துக்கு அழைச்சுண்டு போயிருக்கான். எனக்கு இப்பத்தான் தெரிஞ்சது."

என் தங்கை உட்கார்ந்தாள். விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். பிறகு, இந்தப் படத்துக்கு அவர்களுடன் தான் ஒருமுறைதான் போனதாகவும், மன்னி சத்தியம் வாங்கியிருந்ததால் இதுவரை சொல்லவில்லை என்றும் சொன்னாள். தியேட்டரில் மன்னி வேர்க்கடலை வாங்கித் தந்தாள் என்றாள். மைத்துனர் அது முறுக்கு என்றார். தங்கை மறுத்தாள். இருவரும் நான் இருப்பதையே மறந்து, அவள் எந்தக் கையில் பையை வைத்துக்கொண்டு எந்தக் கையால் தின்பாள் என்பதுவரை போனார்கள். மாதக்கணக்கில் அடைத்துவைத்திருந்த பேச்சு முழுவதும் அந்த ஒரு தின்பண்டப் பொட்டலத்தைச் சாக்கிட்டு வெளியே வந்தது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

படம் முடிந்தது. இன்னும் எந்தெந்தப் படத்துக்குப் போனீர்கள் என்று கேட்டேன். மைத்துனர் என் தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

"அந்த ரெட்டை வேஷப் படம்" என்றாள் அவள், தயங்கி. "ஆனா அண்ணா, அதுல ரெண்டு பேருமே போயிடுவா."

"போகட்டும்" என்றேன். "போடு."