முத்தம்மா பிடுங்கிய காளான்கள்

அல்சூர் ஏரிக்குப் பக்கத்து அபார்ட்மென்ட் ஒன்றில் முத்தம்மாவுக்குத் தோட்ட வேலை. பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறாள். வயது ஐம்பத்திரண்டு, குரலுக்கு மட்டும் இருபது. ஒக்கலிபுரத்திலிருந்து கிளம்பி ஆறு மணிக்கெல்லாம் வந்து நிற்பாள். இரவு மழை பெய்திருந்தால் துடைப்பத்தைக்கூடத் தொடமாட்டாள். நேரே புல்தரைக்குத்தான் போவாள்.

அங்கே காளான் பூத்திருக்கும். பூத்திருக்கும் என்றுதான் சொல்ல வேண்டும், அத்தனை அழகு. முந்தின நாள் வெறும் புல்லாகக் கிடந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு, மேலே பழுப்புச் செதில் தூவி, வட்டம் கட்டி நிற்கும். மாடிக்காரர்கள் போனை எடுத்துக்கொண்டு படம் பிடிக்க இறங்குவதற்குள் முத்தம்மா ஒன்று விடாமல் பிடுங்கிக் கறுப்புக் கவரில் கட்டி, குப்பை வண்டியில் தன் கையாலேயே போட்டுவிடுவாள். யாராவது ஏனென்று கேட்டால், "சும்னே, சும்மாதான், புல்லு கெட்டுப்போவுது" என்பாள். பச்சைப் பொய்.

நடந்தது இதுதான். போன வருஷம் கிருத்திகையும் ஞாயிறும் சேர்ந்து வந்த ஒரு நாள், இதே காளானை மடி நிறைய வீட்டுக்கு அள்ளிப்போனாள். புற்றில் முளைக்கிற நல்ல காளான் மாதிரியே இருக்கிறதே என்ற ஆசை. எதற்கும் இருக்கட்டும் என்று காலில் கிடந்த வெள்ளி மெட்டியைக் கழற்றிக் கழுவி, கொதிக்கிற குழம்பில் போட்டாள். விஷமாக இருந்தால் வெள்ளி கறுத்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. கூட வேலை செய்கிற பெண்களுக்கும் பெருமையாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். மெட்டி பளபளவென்று வெளியே வந்தது.

அவளுக்கு அன்று விரதம். கோவிந்தன் மட்டும் சாப்பிட்டான். கோவிந்தன் அவள் வீட்டுக்காரன், பெயிண்டர், அந்நாளில் குவார்ட்டர் இல்லாமல் சோற்றில் கை வைக்காதவன். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் வாந்தியும் பேதியுமாகச் சுருண்டுவிட்டான். ஆஸ்பத்திரியில் டாக்டர், என்ன சாப்பிட்டார் என்று கேட்டபோது முத்தம்மா பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள்: "குடிச்சுட்டு வந்தாரு சார்."

மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றிப் பிழைத்து வந்த கோவிந்தன், இனி குடித்தால் செத்தேன் என்று பாட்டிலை விட்டான். இருபத்தாறு வருஷம் அவள் அழுதும் திட்டியும் நடக்காத காரியம்!

அடுத்த வாரமே நாலாவது மாடிப் பெண் அதிதி ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். புல்தரைக் காளானின் தலையை அதில் கவிழ்த்து வைத்திருந்தாளாம். தாளில் பச்சைப் பொடி படிந்திருந்தது. "ஆன்ட்டி, இது பாய்சன். பாக்க ஒயிட்டா இருக்கும், முத்திட்டா அடியில பச்சையாயிடும்."

"வெள்ளியில தெரியாதாம்மா?"

"அந்த டெஸ்டெல்லாம் சுத்தப் பொய் ஆன்ட்டி. எந்த விஷக் காளானும் வெள்ளியைக் கறுக்க வைக்காது."

கோவிந்தனைச் சுருட்டியது தன் குழம்புதான் என்பது முத்தம்மாவுக்கு உறுதியாகிவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. விஷம் என்று சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்று கேள்வி வரும், கோவிந்தன் காதுக்குப் போகும். போனால் பாட்டில் திரும்பி வரும். குடிக்காத புருஷனைக் கையில் வைத்துக்கொண்டு உண்மை பேச யாருக்கு மனசு வரும்? நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். அதனால்தான் வேறு யாரும் எடுத்துச் சமைத்துவிடாதபடி, யார் கண்ணிலும் படுமுன் பிடுங்கிப் போட்டாள். மற்ற பெண்களோ, அக்கா நல்ல காளானை ஒருத்திக்கும் விடாமல் தானே தின்கிறாள் என்று முடிவு கட்டிக்கொண்டார்கள்.

இந்த ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, ராத்திரி கொட்டிய மழைக்குப் பிறகு முத்தம்மா வந்து பார்த்தபோது புல்தரையில் ஒடிந்த தண்டுகள்தான் இருந்தன. யாரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள். மற்ற பெண்களுக்கு இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும், முத்தம்மாவுக்குச் சாயங்காலம்வரை வேலை. அவர்கள் போன பிறகு வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "நோராம்மா அஞ்சு மணிக்கே வந்து பை நிறைய அள்ளிட்டாங்க. இன்னிக்கு நீங்க ஏமாந்தீங்க."

கூட வேலை செய்கிறவள்தான் நோரா, வீடு லிங்கராஜபுரத்தில். மகள் ஷ்ரேயா பிள்ளை பெற்று அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். முத்தம்மா நோராவுக்குப் போன் போட்டாள், யாரும் எடுக்கவில்லை. சூப்பர்வைசர் ஷங்கர், "இப்ப போனா ஹாஃப் டே கட்" என்றார். "ஃபுல் டேயே கட் பண்ணிக்க சார்" என்று சொல்லிவிட்டு முத்தம்மா ஆட்டோ ஏறினாள்.

நோரா வீட்டுச் சமையலறையில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முத்தம்மாவைப் பார்த்ததும் நோரா இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னாக்கா, வீடு வரைக்கும் வந்துட்டே? ஒரு நாளு நாங்க துன்னா ஆவாதா?"

"அடுப்பை அணைடி. விஷம் அது."

"நீ சொன்ன மாதிரிதான் பாத்தேன்." நோரா கரண்டியால் துழாவி ஒரு சின்ன வெள்ளிக் காப்பைத் தூக்கிக் காட்டினாள். பேரன் கைக் காப்பு. "பாரு, துளி கறுக்கல."

"என் மெட்டியும் கறுக்கலடி."

நோரா புரியாமல் பார்த்தாள். முத்தம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நோரா வாயில் ஒரு ரகசியம் ஒரு நாள்கூடத் தங்காது என்பது ஊருக்கே தெரியும். பக்கத்து அறையில் பிள்ளை சிணுங்கியது.

"போன வருசம் எங்க வீட்டு ஆளு ஆஸ்பத்திரில கெடந்தது குடிச்சதால இல்ல. நான் ஆக்கிப் போட்ட இந்தக் காளானால. மெட்டியைப் போட்டுப் பாத்துட்டுத்தான் போட்டேன். தப்பா சொல்லிக்குடுத்ததும் நான்தான்."

நோரா அடுப்பை அணைத்தாள். "ஷ்ரேயாவுக்குத்தான் முதல்ல போட்டுக் குடுக்கலாம்னு இருந்தேங்கா. பால் குடுக்கிற பொண்ணு." சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணனுக்குத் தெரியுமா?"

"இன்னிக்குத் தெரியும்" என்றாள் முத்தம்மா. குழம்பைத் தானே கொண்டுபோய்க் கொட்டி, சட்டியைத் தேய்த்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

கோவிந்தன் வேலை முடிந்து வந்து கைப் பெயின்ட்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் முத்தம்மா எல்லாவற்றையும் சொன்னாள். நிறுத்தினால் வாய் அடைத்துவிடும் என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

அவன் துணியைக் கீழே வைத்தான். "டாக்டர் கேட்டப்பகூடவா சொல்லல?"

"சொல்லல."

"நான் செத்துப்போயிருந்தா?"

"அப்பவும் சொல்லியிருக்க மாட்டேன். அவ்ளோ பயம் எனக்கு." அவளுக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே சொன்னாள். "நீ மறுபடியும் குடிச்சாலும் குடி. உன் தலையில இனிமே இந்தப் பழியை வைக்க மாட்டேன்."

கோபத்தில் அவன் காது மடல் சிவந்திருந்தது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தான்.

"அந்த நோரா நம்பிட்டா. மத்தவளுங்க?"

"எட்டுப் பேரு இருக்காங்க. வெள்ளி கறுக்கலன்னா நல்லதுன்னு நான் சொல்லி வெச்சதைத்தான் நம்புவாளுங்க."

"குடிக்கிறதைப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்" என்றான் கோவிந்தன். "நாளைக்குக் காலையில நானும் உன்கூட வரேன். நீ சொல்றதைச் சொல்லு. அதைத் துன்னவன் இவன்தான்னு என்னை நிக்க வெச்சுக் காட்டு."