பூட்டிய கதவும் செருப்பு மாட்டிய காலும்

அந்த ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தபோதே அடி விழப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய? என் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவு பூட்டிக் கிடந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரி. எது என்பது வேண்டாம். அங்கே கேஷுவாலிட்டியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக டூட்டிக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், இன்னும் ஆறவில்லை.

1. சத்தம் போட்டவரை அனுப்பிவிட்டோம்

கீரனூர் ரோட்டில் பைக் சறுக்கி விழுந்த ஓர் இளைஞனை மத்தியானம் தூக்கி வந்தார்கள். தலையில் அடி. கூட வந்தது அவன் அண்ணனும் சித்தியும். டூட்டி டாக்டர் பார்த்துவிட்டு திருச்சிக்கு ரெஃபர் எழுதினார். ஆம்புலன்ஸோ ஒரு பிரசவ கேஸை விட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

சித்தி மார்பில் அடித்துக்கொண்டு கத்தினார். "எம்புள்ள கெடக்குறானே, ஒங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே இல்லையா?" வார்டு பணியாளர் முருகேசன் அவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப் போனார். எல்லோருக்கும் நிம்மதி. எங்கள் ஆஸ்பத்திரிகளில் காலங்காலமாக நடக்கிற தப்பு இது. வாய் விட்டு அழுகிறவர் அழுதே தீர்த்துவிடுவார். கவனிக்க வேண்டியது அந்த அண்ணனை.

அதுவரை நிமிஷத்துக்கு ஒருதரம் "வண்டி எங்கிட்டு வருது சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், கேட்பதை நிறுத்திவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. டிரிப் ஸ்டாண்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி ஸ்டாண்டைப் பார்த்தார். வாட்ச்சைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். கைலியை மடித்துக் கட்டுவதெல்லாம் கணக்கில்லை, வெயிலுக்கும் கட்டுவார்கள். மடித்துக் கட்டிய கைலியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார் பாருங்கள், அது கணக்கு.

பிறகு வெளியே போனார். எங்கள் பக்கத்து ஜனங்கள் கேஷுவாலிட்டிக்குள் வரும்போது கோயிலுக்கு வருவதுபோல் வாசலிலேயே செருப்பை விட்டுவிடுவார்கள். சண்டைக்கு வருகிறவர்கூட விட்டுவிட்டுத்தான் வருவார். இவர் விட்ட செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அடித்துவிட்டு ஓட வேண்டும் என்று கால் முடிவு செய்துவிட்டது.

"மேரி, மேசைக்கு இங்கிட்டு வந்துரு" என்றேன். மேரி வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன பெண். அவரிடம், "தம்பி, ஒக்காருங்க. வண்டி பக்கத்துல வந்துருச்சு" என்றேன்.

"எத்தன தடவ இதையே சொல்லுவீங்க?"

மிக மெதுவாகச் சொன்னார். அந்தக் குரல்தான் கடைசி அடையாளம். ஸ்டாண்டைத் தூக்கி மேரியின் தலைக்கு வீசினார். நான் கையைக் குறுக்கே நீட்டினேன். வலது மணிக்கட்டு உடைந்தது.

பின்னால் கதவு திறந்திருந்தால் இரண்டு பேரும் போயிருப்போம். உடைந்த கட்டில்களைக் கதவுக்கு அந்தப் பக்கம் நடையில் அடுக்கிப் பூட்டி வைத்திருந்தார்கள். திறந்துவிடச் சொல்லிக் கேட்டபோதெல்லாம், "ஸ்டோர்ல எடம் இல்லம்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்ற ஒரே பதில்தான்.

பைக்கில் விழுந்த பையன் திருச்சியில் பிழைத்துக்கொண்டான். மனசுக்கு நிறைவாக இருந்தது. அண்ணன்மேல் கேஸ் நடக்கிறது. அவர்மேல் இருந்த கோபம்கூட எனக்குத் தணிந்துவிட்டது.

2. பயிற்சி வகுப்பு

தணியாத கோபம் இதுதான். மாவுக்கட்டோடு போனவளைப் பார்த்து ஆஸ்பத்திரி சூப்பிரண்டெண்ட் கேட்டார், "நீங்க என்னம்மா பேசுனீங்க அவர்கிட்ட? சும்மாவா அடிப்பாங்க?"

அப்புறம் எங்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். அடிபட்டவர்களுக்குத்தான் வகுப்பு. வெளியூரிலிருந்து வந்தவர் திரையில் படம் காட்டினார். முஷ்டி மடக்கினால் கவனியுங்கள், சிரித்த முகமாகப் பேசுங்கள், வெளியேறும் வழியை நோக்கி நகருங்கள் என்றார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

"எந்த வழி சார்?" என்று கேட்டேன்.

"ஒங்க ரூம்ல இருக்குற எக்ஸிட்தான் மேடம்."

நர்ஸுகள் அத்தனை பேரும் திரும்பி சூப்பிரண்டெண்டைப் பார்த்தார்கள். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

3. கடப்பாரை

வகுப்பு முடிந்த கையோடு முருகேசன் கடப்பாரை கொண்டு வந்தார். "நான் ஒடைச்சேன்னு எழுதிருவாங்களே சிஸ்டர்" என்று தயங்கினார்.

"நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றேன். பூட்டு ஒரே நெம்பில் போனது. மேரியும் மற்ற பிள்ளைகளும் கட்டில்களை இழுத்து வெளியே வேப்பமரத்தடியில் போட்டார்கள். எனக்கு ஒரு கைதான், முடிந்தவரை தள்ளினேன்.

ரெண்டாம் நாள் மெமோ வந்தது. அரசு உடைமையான பூட்டைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். என் கை உடைந்ததற்கு இன்றுவரை யாரும் யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை.

பிள்ளைகளா, வருகிறவரின் கையைப் பாருங்கள், காலைப் பாருங்கள், குரல் திடீரென்று தணிகிறதா என்று கேளுங்கள். அதற்கெல்லாம் முன்னால், டூட்டிக்கு வந்ததும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கதவைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லையென்றால் கேளுங்கள். கேட்டும் நடக்கவில்லையென்றால் உடையுங்கள். மெமோ வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நான் அதை இடது கையால் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். நீங்கள் வலது கையாலேயே போடுங்கள்.