கோடையில் அனுப்பிய திராட்சைச் சாறு

தலைநகரின் துவாரகா பகுதியில் எங்கள் வீட்டிலேயே கறுப்புத் திராட்சையைப் பிழிந்து, ரசாயனம் எதுவும் சேர்க்காமல் சாறாக்கி விற்று வருகிறேன். ஆர்.கே.புரத்தில் விடியற்காலைகளில் என்னோடு பாசுரம் சேவித்த தோழி பத்மா மகனோடு நாக்பூர் சென்றபின், அவள் குரலுக்கு மனம் ஏங்கிக்கொண்டே இருந்தது. சென்ற மே மாதம் அவள் சாறு கேட்டதும், வெயிலை எண்ணிப் பாராமல், வெள்ளிக்கிழமையே கண்ணாடிப் புட்டியைக் கூரியரில் சேர்த்தேன். ஞாயிறு முழுதும் அது கிடங்கில் வெந்து, புளித்துப் பொங்கியிருக்கிறது.

செவ்வாயன்று பத்மா அழைத்தாள்.

"மாமி, பெருமாளுக்குக் கள்ளு அனுப்பியிருக்கேளே. சந்நிதி முன்னாடி திறந்தேன், மூடி வெடிச்சுப் பறந்தது."

"கண்ணுல படலியேடி?"

"காதை உரசிண்டு போச்சு. பெருமாள் மேலெல்லாம் நுரை. அவர் என்னமோ சிரிச்சுண்டுதான் இருக்கார்."

நானும் சிரித்தேன்.

இப்போது கோடையில் எவருக்கும் புட்டி அனுப்புவதில்லை. மற்ற மாதங்களிலும் திங்களன்று, பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் புட்டியில்தான் அனுப்புகிறேன். மேகத்தைத் தூதுவிடும் பாசுரங்களை அவளோடு எத்தனையோ முறை சேவித்திருக்கிறேன். இந்த ஆண்டு பத்மாவின் புட்டியை வெயில் தணியும்வரை நிரப்பாமல் வைத்துவிட்டு, மாலைதோறும் மொட்டைமாடியில் நின்று, கீழ்வானில் ஒரு மேகமாவது தெரிகிறதா என்று பார்க்கிறேன்.