ஒன்பதாம் எண் தலையாட்டினாள்

சார், முன்னாள் மாணவர் தமிழ் மலரில் நீங்கள் எழுதியிருப்பது பொய்.

'பள்ளி ஹாக்கி அணிக்கு நல்ல பயிற்றுவிப்பாளர் எப்படி இருக்க வேண்டும்' என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நேர்மை வேண்டும், பொறுமை வேண்டும், ஒழுக்கம் வேண்டும். எல்லாம் சரி. நடுவில் ஒரு வரி வருகிறது: பெண்கள் அணியின் பயிற்றுவிப்பாளர் ஒருவர் சொந்தக் காரணங்களால் விலகிக்கொண்டார் என்று. அவர் விலகவில்லை. நீங்கள் அனுப்பினீர்கள். அதற்கு நான் உதவினேன். அதனால் இதை எழுதும்போது எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். வாசகர் கடிதம் வரவேற்கப்படுகிறது என்று மலரின் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். இதுதான் என் கடிதம். வெட்டாமல் போடச் சொல்லுங்கள்.

அவர் என் சித்தப்பா. ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை. காலை ஷிஃப்ட் முடிந்ததும் எம்ஆர்டி ரயில் பிடித்து மூன்று மணிக்கெல்லாம் குவீன்ஸ்டவுனில் எங்கள் பள்ளித் திடலில் நிற்பார். நீல ஓவரால், முழங்கையில் பெயிண்ட். இளம் வயதில் நன்றாக ஹாக்கி ஆடியவர். பயிற்றுவிப்பாளர் சான்றிதழை லேமினேட் செய்து பையிலேயே வைத்திருந்தார், யாராவது கேட்டால் காட்டலாம் என்று. யாரும் கேட்டதில்லை.

எங்கள் பள்ளியில் அந்தப் பகுதிநேர வேலை கிடைத்ததை அவர் தேக்கா உணவங்காடியில் வைத்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை. அம்மா கீழே மீன் பையை வைத்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். நான் புரோட்டாவைத் தட்டில் திரும்ப வைத்தேன்.

"சித்தப்பா, ப்ளீஸ். நீங்க என் சித்தப்பான்னு ஸ்கூல்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"ஏன், நான் என்ன திருடனா?"

"டீம்ல என்னை எடுத்தா, சொந்தக்காரின்னு எடுத்துட்டாருன்னு பேசுவாங்க."

"அதுவும் சரிதான் லா." அம்மாவிடம் பெருமையாகத் திரும்பினார். "பாத்தீங்களா அண்ணி, எவ்வளவு யோசிக்குது!"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குத் தெரியும், நான் அப்படியெல்லாம் யோசிக்கிற ஆள் இல்லை என்று. என் தோழிகளின் அப்பாக்கள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து போவார்கள். இவர் ஓவராலில் வருவார், இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிப்பார், பட்டறையில் பேசுகிற ஆங்கிலத்தில் கத்துவார். அவ்வளவுதான் காரணம். எனக்குப் பதினைந்து வயது. சின்னப் பிள்ளை, விவரம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். விவரம் தெரிந்துதான் கேட்டேன்.

அவர் வாக்கைக் காப்பாற்றினார். திடலில் எங்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், சட்டை எண்தான். நான் ஒன்பது. முதல் ஒரு மாதம் கோல் பக்கமே எங்களை விடவில்லை. பந்தை நிறுத்து, பார், கொடு. மறுபடி நிறுத்து, பார், கொடு. அலுத்துப்போய் நாங்கள் முனகினால், தானும் ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு எங்களோடு சேர்ந்து செய்வார். பிய்ந்துபோன மட்டைப் பிடிகளுக்குத் திரும்ப டேப் சுற்றிக் கொடுப்பதும் அவர்தான்.

அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. தப்பு செய்தவளைத் திட்டினால், திட்டியவள் அடுத்த ஆட்டத்தில் பெஞ்ச். பந்தை விட்டவளுக்குத் தண்டனை கிடையாது. "பந்து போச்சுன்னா பந்து பின்னால ஓடு. ஆளைத் திட்டிக்கிட்டு நின்னா பந்து திரும்பி வருமா?" என்பார்.

வட்டாரக் காலிறுதியில் எங்கள் தடுப்பாட்டக்காரி ஹிதாயாவின் மட்டைக்கு அடியில் பந்து புகுந்து கோல் ஆனது. எல்லாப் பெற்றோரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் அவள் முகத்துக்கு நேரே போய் ஆங்கிலத்தில் கத்தினேன். உன்னை யார் டீமில் எடுத்தது, வீட்டுக்குப் போ என்று. அவள் அழுதுகொண்டே ஆடினாள். பிறகு நான் இரண்டு கோல் அடித்தேன், ஜெயித்தோம். இரண்டு கோலில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

"ஒன்பது. அடுத்த மேட்ச் பெஞ்ச்."

"கோச், அடுத்தது செமி."

"தெரியும்."

அரையிறுதியில் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றோம். ஹிதாயா அன்றைக்குப் பிரமாதமாக ஆடினாள். ஆட்டம் முடிந்து வந்து தன் தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

மறுநாள் காலையில் உங்கள் அறைக்கு வந்தேன், சார். ஹாக்கிக்கு நீங்கள்தான் பொறுப்பாசிரியர். அதிகம் கோல் அடித்தவளை ஏன் உட்கார வைத்தார் என்று பெற்றோர் உங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், முதல்வரும் கேட்டிருந்தார். உங்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. நான் கொண்டுவந்து கொடுத்தேன்.

"சார், கோச் என்னோட சித்தப்பா."

நீங்கள் அலமாரியிலிருந்து அவருடைய படிவத்தை எடுத்தீர்கள். இந்தப் பள்ளியில் உறவினர் உண்டா? 'இல்லை' என்ற கட்டத்தில் டிக். அன்று மத்தியானமே அவரை வரவழைத்தீர்கள். எனக்கு நாற்காலி போட்டீர்கள். அவருடைய ஓவராலைப் பார்த்துவிட்டு அவருக்குப் போடவில்லை. பிறகு அவர் முன்னாலேயே என்னைக் கேட்டீர்கள்.

"சொந்தத்தை மறைக்கச் சொன்னது யாரு? இவரா?"

நான் அவர் முழங்கைப் பெயிண்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "ஆமா சார், நான்தான் சொன்னேன். பாப்பாவை கிளாசுக்கு அனுப்புங்க. அதுக்கு இன்னிக்கு சயின்ஸ் டெஸ்ட்."

பள்ளிக்குள் அவர் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டது அந்த ஒரு முறைதான். நன்றாக மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். திருப்தியாகப் படி இறங்கிப் போனேன். டெஸ்ட்டில் நல்ல மார்க்கும் வாங்கினேன்.

வீட்டில் அவர் ஷிஃப்ட் மாறிவிட்டது என்றுதான் சொன்னார். தீபாவளிக்கு எப்போதும்போல முறுக்கோடு வந்தார். வேறு இரண்டு பள்ளிகளுக்கு எழுதிப் போட்டார் என்று பின்னால் தெரிந்தது. உறவை மறைத்தவர் என்று நீங்கள் எழுதிய குறிப்பு அவருக்கு முன்னால் அங்கே போயிருந்தது. அதோடு அவருக்கு ஹாக்கி முடிந்தது.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் மலரை எடுத்துக்கொண்டு உட்லண்ட்ஸில் அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்காரு," என்றார்.

"அன்னிக்கு நான் பொய் சொன்னேன் சித்தப்பா."

"தெரியும் லா. நானும்தானே அங்க நின்னேன்."

சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அப்புறம்தான், ஏதோ பஸ் நம்பர் சொல்வது போல, அந்த விஷயத்தைச் சொன்னார். "சேர்ந்த அன்னிக்கே உங்க சார்கிட்ட சொல்லிட்டேன் பாப்பா. அண்ணன் மக இங்கதான் படிக்குது, வெளிய தெரிஞ்சா கூச்சப்படும்னு. 'இல்லை'ல டிக் போட்டுடுங்க, இல்லாட்டி பேப்பர் வேலை ஜாஸ்தின்னு அவர்தான் சொன்னாரு."

"அப்ப ஏன் நீங்க வாயைத் திறக்கல?"

"நீ தலையாட்டிட்டியே. நான் வேற சொன்னா உன்னைப் பொய்க்காரின்னு ஆக்கிடுவாங்க. நீ இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல அங்க படிக்கணும்."

பெஞ்சில் உட்கார வைத்தபோதும் சரி, உங்கள் அறையில் நின்றபோதும் சரி, அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அந்தப் பதினைந்து வயதுக்காரிக்கு விளங்கவில்லை. பதில் தெரிந்திருந்தும் நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள் என்பதும் விளங்கவில்லை. எனக்குச் சித்தப்பாவின் மேல் கோபம். உங்களுக்கு உங்கள் வேலையைக் காப்பாற்ற வேண்டும். இரண்டு பேரும் பழியை ஒரே ஆளின் தலையில் வைத்துவிட்டு எழுந்து போனோம்.

அடுத்த மாதம் முன்னாள் மாணவர் ஒன்றுகூடல். நீங்கள் சிறப்பு விருந்தினர். சித்தப்பா வர மாட்டாராம், எனக்கு அங்க என்ன வேலை என்கிறார். நான் வருகிறேன். முதலில் நான் மைக்கைப் பிடித்து, தேக்காவில் கெஞ்சியதையும் உங்கள் அறையில் தலையாட்டியதையும் சொல்வேன். ஹிதாயாவும் வருகிறாள், அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலத்திலும் சொல்வேன். பிறகு மைக்கை உங்களிடம் நீட்டுவேன்.

அந்தப் படிவத்தில் 'இல்லை' என்று டிக் போடச் சொன்னது யார்? எல்லார் முன்னாலும் சொல்லுங்கள், சார்.