ஜவுளிக்கடைப் பைக்குள் என் ஸ்கேன்

அம்மா தூங்கிவிட்டாள். நம் சபைப் பிள்ளைகள் அஞ்சு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் இதைப் போடுகிறேன்.

என் வலது சூலகத்தில் ஆறு சென்டிமீட்டரில் ஒரு நீர்க்கட்டி இருக்கிறது. இன்று மார்த்தாண்டத்தில் ஸ்கேன் எடுத்தோம். எந்த மாதிரிக் கட்டி என்று பெரிய டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமாம். அவர் வருவது அடுத்த வியாழக்கிழமை. அதுவரை யாரிடமும் சொல்லாதே என்று அம்மா ரிப்போர்ட்டை ஜவுளிக்கடைப் பையில் ஒளித்தாள்.

பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. உட்கார்ந்திருந்த ஜெபக்குழு மாமி, வழக்கம்போல என் கையிலிருந்த ஜவுளிக்கடைப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"புதுத்துணியா மக்களே? பாக்கட்டும்."

நான் தடுப்பதற்குள் கவரை உருவி வாசித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பேடிக்காத மக்களே, பயப்பட ஒண்ணும் இல்ல. எங்க அக்கா மவளுக்கும் இது இருந்து."

"இப்போ சரியாயிட்டா மாமி?"

மாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா கவரை வாங்கித் திரும்பப் பைக்குள் திணித்தாள். இறங்கும்போது மாமி சொன்னார்: "ஞாயிற்றுக்கிழம ஜெபத்துல வைக்கேன். பேரு சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை எடுத்து ஆறு சென்டிமீட்டர் எவ்வளவு என்று பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஜன்னல் பக்கம் திரும்பிய அந்த முகம்தான் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. மாமியின் அக்கா மகளுக்கு என்ன ஆனது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். இல்லை, வேண்டாம், சொல்லாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை "ஒரு சின்ன மகளுக்காக" என்று ஜெபம் வந்தால், தயவுசெய்து யாரும் கண்ணைத் திறந்து என்னைப் பார்க்காதீர்கள். ஆமென் மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.

சொல்வீர்களா?