ஊசி பட்ட அடக்கத்துணி

யுத்தத்தில் துணிக்கு ரேஷன் வந்திருந்த காலம். திருத்தணியில் மலைக்குப் போகிற வழியில் இருந்த என் ஜவுளிக்கடையில் சரக்கைவிடக் காலி இடம்தான் அதிகம். விற்கத் துணி இல்லாததால் துணியைப் பற்றிப் பேச நேரம் நிறையக் கிடைத்தது. எழுத்துப் படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. நூல் படிப்பு விரலாலே வந்தது. அதை நம்பித்தான் ஒருநாள் காலை கத்தோலிக்கச் சாமியார் ஒருவர் கடைப்படி ஏறினார். கூடவே அம்மையார்குப்பத்து நெசவுக்கார அம்மாள் ஒருவர்.

அந்த அம்மாள் மடியிலிருந்து எடுத்து விரித்தது ஒரு முழம் வெள்ளைத்துணி. அவர்கள் குடும்பத்துக்கு முதலில் ஞானஸ்நானம் கொடுத்த வெள்ளைக்காரச் சாமியார் இறந்தபோது முகத்தில் போர்த்தியதாம். பிற்பாடு கல்லறையை இடம் மாற்றத் தோண்டியபோது கிடைத்ததாம். இறந்தவர்களை நினைக்கும் கல்லறைத் திருநாளன்று அதை ஏந்தி ஊர்வலத்தின் முன்னால் நடப்பது அந்த வீட்டு மருமகளின் உரிமை. நோய்ப்பட்ட பிள்ளைகளின் தலையில் அதைத் தொட்டு வைப்பார்கள். புதிதாக வந்த இந்தச் சாமியார், உண்மை தெரியாமல் அதை ஊர்வலத்தில் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"நீங்கள் எங்கள் வேதக்காரர் இல்லை. ஒரு பக்கம் சாய உங்களுக்குத் தேவையும் இல்லை. அதனால்தான் வந்தேன்" என்றார்.

"பாக்கட்டும் சாமி. அண்ணனுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான் கீது" என்றார் அம்மாள்.

துணியைத் தூக்கினால் அட்டை மாதிரி நின்றது. "இன்னாம்மா, கஞ்சி போட்டீங்களா?" என்றேன்.

"ஆங். வருசா வருசம் உவர்மண்ணுல வெளுத்து, கஞ்சி போட்டுத்தான் எடுத்துனு போவோம். சாமியாரு துணிய அழுக்கா தூக்கிகினு போவாங்களா?"

கல்லறை மண்ணின் கறை ஏதாவது இருந்திருந்தால் அது எப்போதோ ஓடைத் தண்ணீரோடு போயிருக்கும். சாமியார் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

பூதக்கண்ணாடி வைத்து இழைகளைப் பார்த்தேன். மெல்லிய மில் நூலுக்கு நடுவே தடித்த நூல் நிறைய ஓடியது. கேட்டால் அம்மாளுக்குப் பெருமை.

"இது என் மாமியார் கோத்ததுங்க. அந்தப் பக்கம் அவங்க மாமியாரு. இந்த மூல என்னுது. இழை வுட்டா பாத்துகினு இருப்போமா? நெசவுக்காரன் வூட்ல கிழிசல் துணி கெடந்தா நாலு பேரு காறித் துப்ப மாட்டாங்களா?"

ஓரத்தில் மடித்துத் தைத்திருந்ததைப் பிரிக்கலாமா என்றேன். சற்று யோசித்துவிட்டு அவரே பல்லால் தையலைக் கடித்துப் பிரித்தார். மடிப்புக்குள் ஒரு விரல் அகலம் ஊசி படாமல் இருந்தது. சன்னமான, ஒரே சீரான நூல்; ஒன்றை உருவினேன், காய்ந்த வைக்கோலாக முறிந்தது.

"பழசுதான் சாமி. சீமைத்துணி" என்றேன். "ஆனா இந்த மடிப்புல மட்டுந்தான் முழுசா கீது. வெளியில பத்து இழைக்கு எட்டு இழை இவங்க வூட்டுது. குழியில கெடந்துதா, பொட்டியில கெடந்துதான்னு நூலு சொல்லாதுங்க."

சாமியார் நியாயமான மனிதர். வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கண்ணாடிப் பெட்டியில் வைத்து அரக்கு முத்திரை போடுவோம். முன்னோர் சொல்லி வந்தது என்று எழுதுவோம். ஊர்வலத்தில் நீங்களே ஏந்தலாம் அம்மா. இனிமேல் சலவை கூடாது, ஊசி கூடாது."

"பூச்சி அரிச்சா?"

"அரிக்கட்டும். இருப்பது இருக்கிறபடி இருக்கவேண்டும்."

அம்மாள் துணியை நாலாக மடித்தார். "பூச்சிக்குக் குடுக்கவா மூணு பேரு கண்ணு நோக கோத்தோம்? எனக்கு ஊர்வலம் வாணாம் சாமி" என்று மடியில் செருகிக்கொண்டு படி இறங்கினார்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளன்று நான் நூல் விஷயமாக அம்மையார்குப்பம் போயிருந்தேன். ஊர்வலத்தின் முன்னால் சிலுவை மட்டும் போயிற்று. அம்மாள் பெண்கள் கூட்டத்தின் நடுவே வெறுங்கையோடு நடந்தார். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும், இடுப்பில் நோய்ப்பட்ட பிள்ளையோடு மூன்று பெண்கள் அவர் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். சாமியாரும் பார்த்தார். கூப்பிடவில்லை.