பெண்கள் பக்கம் வந்த பெரியத்தா

கொடைக்கானல் நிக்காஹ் வீடுகளில் பெண்கள் பக்கத்துக்கு மட்டும் போட்டோ எடுப்பது என் தொழில். புதிதாக வரும் பெண்கள் லென்ஸ், லைட்டிங் பற்றியெல்லாம் கேட்கிறார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அண்ணன்களான பெரியத்தாக்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

போன சீசனில் மூஞ்சிக்கல் பக்கம் ஒரு கல்யாணம். குளிருக்கு ஜன்னல்களைச் சாத்தி, மண்டபத்தின் நடுவே திரை கட்டியிருந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியத்தா, வெட்கம் ஈமான் என்கிற இறைநம்பிக்கையில் ஒரு பகுதி என்பதில் ரொம்பப் பிடிப்பானவர். அதைப் பெண்களுக்கு ஞாபகப்படுத்த அவரே திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மறந்துவிடுவோமோ என்று மறுபடி மறுபடி வந்தார். அவர் வரும்போதெல்லாம் பெண்கள் பதறி முக்காட்டை இழுத்தார்கள். மற்ற நேரத்தில் அதற்குத் தேவையே வரவில்லை.

சாப்பாடு முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"ஏம்மா, அந்த மெமரி கார்டைக் குடு. ஒவ்வொரு போட்டோவா நானே பாத்து, அடக்கம் இல்லாததை எல்லாம் அழிச்சிட்டுத் தாரேன்."

எவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்கிறார், பாருங்கள். தலை திறந்து கும்மியடித்துச் சிரித்த பெண்களெல்லாம் அந்தக் கார்டில் இருந்தார்கள். என்னை நம்பி நின்றவர்கள்.

"அதை நீங்க பாக்கக் கூடாதுங்க" என்றேன்.

"எனக்கே மார்க்கம் சொல்லித் தாறியா? ஜமாஅத்துல ஒரு வார்த்தை சொன்னேன்னா இந்த மலையில உனக்குச் சோலியே கெடைக்காது."

கொடுத்துத் தொலைக்கலாமா என்றுகூடத் தோன்றியது. அப்போது மணப்பெண் நஸீமா மேடையிலிருந்து எழுந்து வந்தாள்.

"பெரியத்தா, பார்வையத் தாழ்த்தச் சொல்லி குர்ஆன்ல மொதல்ல ஆம்பளைகளுக்குத்தானே வந்திருக்கு? நீங்க வந்ததுலேருந்து ஒருதடவகூடக் கீழ பாக்கலையே."

யாரோ ஒருத்தி களுக்கென்றாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து, உள்ளே எட்டிப் பார்க்காமல், மாப்பிள்ளை கூப்பிட்டார்: "பெரியத்தா, வெரசா வாங்க, உங்களத் தேடுறாங்க." யாரும் தேடவில்லை. பெரியத்தா போனார், தரையைப் பார்த்தபடி.

சொன்ன மாதிரியே ஜமாஅத்தில் புகாரும் சொன்னார். "பொம்பளைங்க பக்கம் உங்களுக்கு என்ன சோலி?" என்று ஜமாஅத் தலைவரான முத்தவல்லி கேட்டாராம். புகார் அதோடு முடிந்தது.

வெட்கம் ஈமானில் ஒரு பகுதி என்று நானும் முழுசாக நம்புகிறேன். அதனால்தான் இப்போதெல்லாம் மண்டபத்தை விட்டுக் கிளம்புமுன் கார்டை மணப்பெண் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். என்னிடம் ஒரு நகல்கூட வைத்துக்கொள்வதில்லை.